பன்னிரண்டாம் வாரக் கண்ணாடி

மூன்று மாதமாக அந்தச் சுவர் ஒரு நூல்கூட அசையவில்லை. அசைந்தது அளவைக்காரனின் கட்டைவிரல்தான்.

அவன் இடுப்பில் தொங்கும் டேப்புக்கு ஐந்து மீட்டர் இரும்பு நாக்கு. அளந்து முடித்ததும் மற்ற அளவைக்காரர்கள் அந்த நாக்கை விரலால் பிடித்துப் பக்குவமாக உள்ளே விடுவார்கள். இவன் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கி, சர்ரென்று பாயவிடுவான். அந்தச் சத்தத்தில் அவனுக்கு ஒரு மிதப்பு. படிப்பு, உயரம், சம்பளம் எதிலும் பெருமைப்பட வழியில்லாத மனுஷன், ஒரு சத்தத்திலாவது பெருமைப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். விட முடியாமல் போனது அந்தப் பன்னிரண்டாம் வாரத்து வியாழக்கிழமை.

அட்டைப்பெட்டிக்காரர் வீட்டு முன்னறை. சுவரில் ஒரு பெரிய மில் அட்டை சாய்த்து வைத்திருந்தது. அளவைக்காரனுக்குப் பிறக்கப் போகும் பிள்ளைக்குத் துணி வைக்க மூடி போட்ட பெட்டி ஒன்று செய்து தருவதாகப் பெட்டிக்காரர் சொல்லியிருந்தார். பூப்போட்ட தாள் எடுக்க அவர் உள்ளே போனார். போகும்போதே, "ஊரு வீட்டையெல்லாம் அளக்குற ஆளாச்சே, ஒரு பெட்டிக்கு எவ்வளவு அட்டை வேணும்னு சொல்லு பாப்போம்" என்று சீண்டிவிட்டுப் போனார். அவர் மனைவி பின்கட்டில் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அளவைக்காரன் டேப்பை இழுத்து அட்டையின் மேல் வைத்தான். இரண்டடி, ஒன்றரையடி. தனியாக நின்று, ஏதோ பாலத்துக்கு அளவு சொல்கிற தோரணையில் அதைச் சத்தமாகச் சொன்னான். பொத்தானை அமுக்கினான்.

நாக்கு அட்டை விளிம்பிலிருந்து துள்ளி, உள்ளே போகிற வழியில் சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

டிக்.

சின்னச் சத்தம்தான். பல் இடுக்கில் மிளகு நொறுங்குகிற மாதிரி.

*

அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். பழைய நகர் மறுசீரமைப்பு வாரியம் என்று அரசாங்கம் ஒன்றை அமைத்திருந்தது. நகரத்தின் மூத்த பகுதியில், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் ஆயிரத்துச் சொச்சம் வீடுகளில் எதை வைத்துக்கொள்வது, எதை இடிப்பது என்று முடிவுசெய்வது அதன் வேலை. விரிசல் இருக்கிற வீட்டில் ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டுவார்கள். விரல் அகலம், விரல் நீளம், மெல்லிசு. விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் ஜிப்சம் சாந்தால் அப்பிவிட வேண்டும். வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வாரம். சுவர் உள்ளுக்குள் நகர்ந்துகொண்டிருந்தால், மயிரிழை நகர்ந்தாலும், கண்ணாடி குறுக்கே விட்டுவிடும். நான்காம் வகை. இடி. கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் பழையது, சுவர் எப்போதோ அசைந்து ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாம் வகை. வாரியமே பூசிக் கொடுக்கும், குடியிருப்பவர் அங்கேயே இருக்கலாம்.

ஒவ்வொரு வாரமும் பார்த்ததற்கு அடையாளமாகக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவான். பெட்டிக்காரர் வீட்டில் பதினொரு கோடு இருந்தது.

பதினொரு வாரத்தில் அவன் அந்த வீட்டு ஆளாகியிருந்தான். முதல் நாள் பெட்டிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்து, எங்க சுவருக்குக் காய்ச்சலா டாக்டர், தெர்மாமீட்டர் எல்லாம் வச்சிருக்கீங்க என்று கேட்டார். இரண்டாம் வாரம் 'டாக்டர்' போய் 'டேப்பு' ஆனது. மூன்றாம் வாரம் 'நீங்க' போய் 'நீ' ஆனது. தெருமுனையில் அவன் சைக்கிள் திரும்பும்போதே, "டேப்பு வருது, ஒரு டம்ளர் தண்ணி கூட ஊத்து" என்று உள்ளே குரல் கொடுப்பார். அளவைக்காரனும் அவரை அண்ணே என்றான், அவர் மனைவியை அண்ணி என்றான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அந்த வீட்டில் வேலைக்கும் வாழ்வுக்கும் நடுவே தடுப்புக் கிடையாது. விடிந்ததும் அண்ணி மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சுவார். பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் விழும். பெட்டிக்காரர் தரையில் உட்கார்ந்து இரும்புச் சட்டத்தை வைத்து மொண்ணைக் கத்தியால் அட்டையில் மடிப்புக்கோடு இழுப்பார். அறுந்துவிடக் கூடாது, மடங்காமலும் இருக்கக் கூடாது. அந்த இடைப்பட்ட அழுத்தம் அவர் மணிக்கட்டில் இருந்தது. மூலைக்கு மூலை தாள் ஒட்டுவது அண்ணி. ஒட்டிய பெட்டிகளைச் சுவரோரம் அடுக்குவார்கள். ஈர அட்டைகளையும் அந்தச் சுவரில்தான் சாய்ப்பார்கள்.

அது இரண்டடிப் பருமன் சுண்ணாம்புச் சுவர். வெயிலில் பானை மாதிரி குளிர்ந்திருக்கும், மழையில் ஈரம் கோக்காது. அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஊரில் உப்பு கசிந்தது, தீக்குச்சி பற்றவில்லை. இந்தச் சுவரில் சாய்த்த அட்டை மட்டும் வளையாமல் காய்ந்தது. நான் செய்யறது பாதி, இது செய்யறது பாதி என்று பெட்டிக்காரர் அதைத் தட்டிக்கொடுப்பார். பிறகு, கூலி கேக்காத ஒரே பங்காளி இதுதான்யா என்பார்.

செருப்புக் கடைகள் இரண்டு தெரு தள்ளி. முப்பது நாற்பது பெட்டியைக் கயிற்றில் கோத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய்விடுவார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு சின்னக் கட்டடம் கால் முளைத்து நடக்கிற மாதிரி இருக்கும்.

*

இப்போது அந்தக் கண்ணாடியில் நட்சத்திரம் ஒன்று முளைத்திருந்தது. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து ஐந்தாறு கீற்று.

செய்ய வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியும். பைக்குள் பச்சைத் தாள் இருந்தது. பிழை அறிக்கை. 'என் கவனக்குறைவால் உடைந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, புதுக் கண்ணாடி ஒட்டி, மறுபடி பன்னிரண்டு வாரம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஆகிறது அவனுக்குத்தான். ஏற்கனவே இரண்டு பச்சைத் தாள் கொடுத்திருந்தான். ஒரு வீட்டில், தலையைக் காப்பாற்றக் கொடுத்த தொப்பியால் கண்ணாடியை முட்டி உடைத்தான். இன்னொரு வீட்டில் கண்ணாடி மங்கலாகத் தெரிகிறதே என்று கைக்குட்டையால் துடைத்தே உடைத்தான். சுவர் உடைச்சதைவிட நீ உடைச்சதுதான்யா ஜாஸ்தி என்று உதவிப் பொறியாளர் அலுவலகமே சிரிக்கச் சொன்னார். சிரித்துவிட்டு மெமோவும் கொடுத்தார். மூன்றாவது தாள் வந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது. வீட்டில் அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். காலையில்தான் கால் வீங்கியிருக்கிறதென்று காட்டினாள்.

அண்ணி டீயோடு வரும்போது அவன் கண்ணாடியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றிருந்தான். இவ்வளவு அகல முதுகைக் கடவுள் எதற்குக் கொடுத்தார் என்று முதல்முறையாக விளங்கியது. டீயை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

"இன்னிக்குக் கடைசி வாரமாச்சே தம்பி," என்றார் அண்ணி. "என்ன சொல்லுது கண்ணாடி?"

"ஆபீஸ்ல பாத்துட்டுத்தான் அண்ணி சொல்லணும்."

பெட்டிக்காரர் இரண்டு தாளோடு வந்து, ரோஜாவா சாமந்தியா என்று கேட்டார். ரோஜா என்றான். பொம்பளப் பிள்ளைன்னு முடிவே பண்ணிட்டியா என்று அவர் சிரித்தார். அவர் தாளை மடிக்கத் திரும்பிய நேரத்தில் சட்டென்று நாலடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்தான். விதிப்படி ஒரு சாண் தூரத்தில் எடுக்க வேண்டும். பன்னிரண்டாவது கோடு போட்டான். பென்சில் முனை முறிந்தது. இன்றைக்கு இவன் கையில் எதுவும் தங்காது போலிருந்தது.

படிவத்தில் இரண்டு கட்டம்: முழுமை, விரிசல். எப்படி விட்டது என்று எழுத இடமில்லை. அவன் 'விரிசல்' கட்டத்தில் டிக் போட்டான். அந்தப் படிவத்தில் அவன் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "என்னப்பா, நட்சத்திரம் மாதிரி இருக்கு? குறுக்கால இல்ல விடணும்?"

"பழைய சுவர் சார். எப்படி வேணா இழுக்கும்."

அவர் ஒரு நிமிஷம் இவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்தார். பெட்டிக்காரர் வீடும், பக்கத்துத் தையல் மெஷின் மெக்கானிக் வீடும் இருந்த இடத்தில் பென்சிலால் லேசாக ஒரு செவ்வகம் வரைந்து 'வாகன நிறுத்தம்' என்று எழுதியிருந்தது. சரி என்று சொல்லிக் கோப்பை மூடினார்.

*

ஆட்சேபணைக் கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரிய மனுஷர்கள் முழங்காலை மார்பில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த உட்காரலிலேயே பாதி ஆட்சேபணை போய்விடும். மேடையில் அதிகாரி, உதவிப் பொறியாளர், ஓரத்தில் கோப்புகளோடு அளவைக்காரன்.

பெட்டிக்காரர் துவைத்த சட்டை போட்டிருந்தார். அண்ணி பக்கத்தில். இவனைப் பார்த்ததும் பெட்டிக்காரர் கண்ணைச் சிமிட்டினார். என்னய்யா, இன்னிக்கு மேடையெல்லாம் ஏறிட்டே என்பது போல.

அவர் முறை வந்தபோது எழுந்து நின்றார். சுவர் நகரவில்லை ஐயா என்றார். இருபது வருஷமாக அதில் முதுகு சாய்த்துத்தான் சாப்பிடுகிறோம், நகர்ந்தால் முதலில் முதுகுக்குத் தெரியும் என்றார். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். நல்ல மனுஷர்தான். முதுகை ஆவணமாக ஏற்க வாரியத்தில் வழியில்லை என்று இதமாகச் சொல்லிவிட்டு, அளவைக்காரன் பக்கம் திரும்பினார்.

"வாராவாரம் போனது நீங்கதானே? நீங்க சொல்லுங்க. ஏதாவது சந்தேகம் உண்டா?"

எங்கோ ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. அளவைக்காரன் பார்வை பெட்டிக்காரர் மேல் விழுந்தது. அவர் உட்கார்ந்து, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயம் இல்லை. பந்தயக் குதிரையைப் பார்க்கிறவன் போல ஒரு ஆவல்தான் இருந்தது. ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று அவனுக்கு அன்றைக்குப் புரியவில்லை.

"பதிவுல இருக்கறபடிதான் சார்," என்றான்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். பெட்டிக்காரர் அவர் கையை விடவில்லை. அதிகாரி அடுத்த வீட்டு எண்ணைக் கூப்பிட்டார். அடுத்த வீடு தையல் மெஷின் மெக்கானிக்குடையது. ஒரே வயசுச் சுவர், ஒரே மாதிரி விரிசல். கண்ணாடி முழுசு. இரண்டாம் வகை.

அதற்கு இரண்டு நாள் கழித்து அளவைக்காரனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒப்பந்தமும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. மனைவி, பிள்ளை வந்த ராசி என்றாள். அவன் ஆமாம் என்றான்.

*

இடித்த நாள் நல்ல வெயில். வாரிய வழக்கப்படி அளவைக்காரனும் அங்கே நிற்க வேண்டும், எல்லைக் கல்லைக் காட்ட. பெட்டிக்காரர் குடும்பம் முந்தின வாரமே போயிருந்தது. ஊருக்கு வெளியே வாரியம் கட்டிய அடுக்குமாடி, ஐந்தாம் தளம்.

கூரை அரை மணியில் வந்தது. பின்கட்டு பத்து நிமிஷம். அடுப்படிக் கரி ஒரு நிமிஷம் வெயிலில் தெரிந்து மறைந்தது. முன்னறைச் சுவரிடம் வந்து இயந்திரம் நின்றுவிட்டது. இரும்புக் கை மோதியது. தூசி வந்தது, சுவர் வரவில்லை. மறுபடி மோதியது. டிரைவர் இறங்கி வந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார், டீ வாங்கிவரச் சொன்னார், குடித்துவிட்டு மறுபடி ஏறினார். அன்று பொழுது சாயும்வரை அந்த ஒரு சுவர் நின்றது. மறுநாள் வேறு பெரிய இயந்திரம் வந்தது.

டிரைவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இது தானா விழப்போற சுவருன்னு சீட்டு எழுதின புண்ணியவான் யாருப்பா? ஆளைக் காட்டுங்க. ஒரே ஒரு தடவை இதுல வந்து முட்டிட்டுப் போகட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது அளவைக்காரன். அந்தச் சிரிப்பு அதற்குப் பிறகு பல நாள் சாப்பிடும்போது அவன் தொண்டைக்கு வந்தது.

கல் குவியலுக்குள் கிடந்த ஒரு பூச்சுத் துண்டில் பென்சில் கோடுகள் தெரிந்தன. எண்ணிப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தக் கண்ணாடி உடையாமல் இருந்திருந்தால் வீடு நின்றிருக்குமா? பச்சைத் தாளை எழுதிக்கொண்டு உதவிப் பொறியாளரிடம் போனான், நாலு மாசம் பிந்தி. அவர் படித்தார், கதவைப் பார்த்தார், தாளை நாலாக மடித்து இவன் சட்டைப் பையிலேயே வைத்தார். கோப்பு முடிந்துவிட்டது என்றார். கேள்வியைக் கேட்டான். அது பல விஷயத்தைப் பொறுத்ததுப்பா என்றார். எந்த விஷயம் என்றான். அதான் சொல்றேனே, பல விஷயம் என்றார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டான். அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். நீங்க வேணும்னேவா உடைச்சீங்க, விடுங்க என்றாள். தையல் மெஷின் மெக்கானிக்கிடம் ஜாடையாகக் கேட்டான். வாகன நிறுத்தத்தைத் தன் வீடு வரை வராமல் சுருக்கிவிட்டார்களாம், கோட்டைக் கொஞ்சம் தள்ளி வரைந்துகொண்டார்களாம். அதற்குமேல் கேட்டபோது அவர், யாருக்கு எது எழுதியிருக்கோ என்று சொல்லிவிட்டு மெஷினுக்கு எண்ணெய் விடக் குனிந்துகொண்டார்.

வாரியத்து வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டுக்காரர்களுக்கு அவன் சொல்லிவந்த பதில்களும் இவைதான். 'பரிசீலனையில் இருக்கு. மேலே கேட்டுச் சொல்றோம். பல விஷயத்தைப் பொறுத்தது.' இவ்வளவு நாளும் இந்தச் சரக்கை விற்றவன் இப்போது வாங்கித் தின்று பார்க்கிறான்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பிப் போனான். இரண்டு பஸ் மாறி, வெட்டவெளியில் ஒரு மைல் நடந்து, ஐந்து மாடி ஏறினான். லிப்ட் இருந்தது, கதவில் 'விரைவில்' என்று எழுதியிருந்தது.

கதவைத் திறந்தது பெட்டிக்காரர். ஒரு நொடி அவர் வாயோரம் அந்தப் பழைய சேட்டை எட்டிப் பார்த்தது போலிருந்தது. டேப்பு வந்துருச்சு என்று உள்ளே சொல்லப்போகிறார் என்று அளவைக்காரன் காத்து நின்றான்.

"வாங்க சார்," என்றார். "உள்ள வாங்க. உக்காருங்க."

இவன் செருப்பைக் கழற்றவே நேரமானது. அவர் திட்டியிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், கீழே தள்ளியிருந்தால்கூட ஐந்து மாடியும் உருண்டு போய்விட்டு மறுபடி ஏறி வந்திருப்பான். அந்த 'சார்' அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

அறை சின்னது. அட்டைகள் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, குளியலறைக் கதவுக்குப் பின்னால். சாய்த்து வைத்திருந்த அட்டைகள் நடுவில் தொப்பை போட்டு வளைந்திருந்தன. சுவர் நாலு அங்குலம். வேர்த்திருந்தது. யாரும் அதில் சாயவில்லை. பெட்டிக்காரர் அறையின் நடுவில், எதையும் தொடாமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பிள்ளை நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கு என்றான். சந்தோஷம் என்றார். வேலையெல்லாம் எப்படிப் போகுது சார் என்றார். போகுதுண்ணே என்றான். அந்த 'அண்ணே' அவர்களுக்கு நடுவில் தரையில் விழுந்து கிடந்தது, அவர் எடுக்கவில்லை. பிறகு, நேரமாகிறது என்று எழுந்தார். மடிக்காத அட்டைக் கட்டு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, வரேன் சார், சாப்பிட்டுப் போங்க என்று மரியாதையாகச் சொல்லி இறங்கிப் போனார்.

அவர் காலடி ஐந்து மாடியும் இறங்கி முடிகிற வரைக்கும் அண்ணி கதவருகே நின்றார். பிறகு அடுப்பைப் பற்றவைத்தார்.

எங்கே போகிறார் என்று கேட்டான். அண்ணி சொன்னார். காலிப் பெட்டிக்கு எடையில்லை, இடம்தான் அதிகம். கோத்த பெட்டியை எந்தப் பஸ்ஸிலும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். அதனால் அட்டையாகவே கொண்டுபோய், பழைய தெருவில், இவர்கள் வீடு இருந்த இடத்தில் நிற்கிற வண்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்துவிட்டு வருகிறார். மழை வந்தால் கிடையாது. காவல்காரர் விரட்டினாலும் கிடையாது. நாலு கடையில் ஒரு கடைதான் இன்னும் வாங்குகிறது. அது கடைக்காரரின் பழைய பழக்கத்துக்கு, பெட்டிக்காக இல்லை.

"முன்ன மாதிரி பேசறது இல்ல தம்பி," என்றார் அண்ணி. "ரெண்டு பேரு இருக்கற வீட்டுல ஒருத்தர் பேசலேன்னா, இன்னொருத்தர் பேசறது கிறுக்கு பிடிச்ச மாதிரி இருக்கு. அதனால நானும் பேசறது இல்ல."

டீ வந்தது. அளவைக்காரன் டம்ளரைத் தரையில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பச்சைத் தாளை எடுத்தான். எடுத்தவன் அதைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணி, அந்தக் கண்ணாடி தானா உடையல. நான்தான் உடைச்சேன். டேப்பு பட்டுருச்சு."

"தெரியும்."

அவன் நிமிர்ந்தான்.

"அன்னிக்கே தெரியும்," என்றார் அண்ணி. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "நீ டேப்பை விடற சத்தம் கேட்டுச்சு, பின்னாடியே டிக்குன்னு ஒண்ணு கேட்டுச்சு. வந்து பாத்தா சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கறே. வாராவாரம் ரெண்டு தரம் சர்க்கரை கேக்கற ஆளு நீ. அன்னிக்கு நான் சர்க்கரை போடவே மறந்துட்டேன். நீ மடக்குன்னு குடிச்சுட்டுப் போயிட்டே. நீ போனதும் கண்ணாடியைப் பாத்தேன்."

அடுப்பில் பால் பொங்கி வந்தது. எழுந்து இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

"அவர்கிட்ட சொன்னேன். வாரியத்துல போய் சொல்லிடலாம்னேன். அவர் கேக்கல. நாம சொன்னா அவன் வேலை போயிடும், பொண்டாட்டி மாசமா இருக்கான்னாரு. அவனே சொல்லுவான் பாருன்னாரு. நாளைக்கு வருவான், அடுத்த வாரம் வருவான்னு தெருமுனையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கூட்டத்துக்குப் போற வழியெல்லாம் அதையேதான் சொன்னாரு. அந்த ஆபீசர் உன்னைக் கேட்டாரு பாரு, அப்போ என் கையைப் பிடிச்சு அமுக்கி, இப்ப பாருடின்னாரு."

வெளியே எதிர்மாடியில் யாரோ துணி உதறினார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகும் அவன் அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணி எழுந்து அலமாரி மேலிருந்த அட்டைகளை நகர்த்தி, பின்னாலிருந்து எதையோ எடுத்தார். மூடி போட்ட பெட்டி. இரண்டடிக்கு ஒன்றரையடி. ரோஜாப் பூப்போட்ட தாள். மூலைகள் கத்தி மாதிரி கூராக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"அங்க இருக்கும்போதே முடிச்சுட்டாரு. அந்தச் சுவத்துல காஞ்சது, அதான் வளையல. கூட்டத்துக்கு அப்புறம் இதைத் தூக்கிப் போடவும் இல்ல, யாருக்கும் குடுக்கவும் இல்ல. எடுத்துட்டுப் போ. பிள்ளைக்கு இப்ப எட்டு மாசம் இருக்குமே, துணியெல்லாம் சேந்திருக்கும்."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். காலிப் பெட்டி. எடையே இல்லை. மடி நிறைந்துவிட்டது.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தான். கேட்பதற்கு இனி என்ன இருக்கிறது. இயந்திரம் ஒன்றரை நாள் மோதியதைப் பார்த்தவன் அவன். மெக்கானிக் வீட்டுச் சுவர் வெள்ளையடித்துக்கொண்டு நிற்பதை வாராவாரம் பார்க்கிறவனும் அவன்தான். இருந்தாலும் யாராவது, அது ஏற்கனவே வரைந்துவைத்த கோடு, உன்னால் ஒன்றும் ஆகவில்லை, போ என்று சொல்லிவிடமாட்டார்களா என்று அவனுக்குள் ஒருத்தன் இன்னும் கையேந்திக்கொண்டு நின்றான். இந்த உலகத்தில் அப்படிச் சொல்லக்கூடிய மனசு இருக்கிற ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, அன்னிக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தா, வீடு நின்னிருக்குமா?"

வேர்த்திருந்த அந்த நாலங்குலச் சுவரை அண்ணி ஒருமுறை பார்த்தார். அதில் வளைந்து நின்ற அட்டையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி நேராக்கப் பார்த்தார். கையை எடுத்ததும் அது மறுபடி வளைந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு, இவன் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"நின்னிருக்கும் தம்பி."